நாழிகையும் மணியும்

இராமநாதபுர மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள கடலாடி, பெயரிலே கடலைக் கொண்டிருப்பினும், கடற்கரையினின்றும் சற்று உள்ளே தள்ளி அமைந்த ஊராகும். அங்கிருந்து கடலை நோக்கிச் செல்வோர் மாரியூர், வாலிநோக்கம் முதலிய கரையூர்களையும் அவற்றைச் சார்ந்த உப்பளங்களையும் காண்பர். பனையும் கண்மாயும் உப்பும் மீனும் இப்பகுதி மக்களுக்கு வாழ்வளிப்பன. பனையேறுவோர் விடியுமுன்பே மரத்தடிக்குச் சென்றுவிடுவர். உப்பளத்தில் உழைப்போர் வெயில் ஏறுமுன் பணி தொடங்குவர். மீனவர் நிலவின் போக்கையும் காற்றின் போக்கையும் நோக்கிக் கடலிற் செல்வர். காலக் கணக்கு இவர்களுக்குப் பொழுதுபோக்கன்று; அதில் நேரும் பிழை கூலியையோ உணவையோ குறைத்துவிடும்.

இத்தகைய வீடுகள் பலவற்றில் இரண்டு காலக் கணக்குகள் ஒருங்கே வழங்குகின்றன. பெட்டியிலுள்ள பஞ்சாங்கம் நாழிகையில் கணக்குச் சொல்லுகின்றது. கையிலுள்ள கைப்பேசியோ மணியிலும் நிமிடத்திலும் சொல்லுகின்றது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறை எளியதே. ஆயினும், அதனைப் பிழையின்றிச் செய்வதற்கு இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அளவுகள் எத்தனை எத்தனையாக உயர்கின்றன என்பது ஒன்று. எண்ணிக்கை எப்பொழுது தொடங்குகின்றது என்பது மற்றொன்று.

ஞாயிறு தோன்றும் வேளை தொடங்கி மறுநாள் தோன்றும் வேளை வரையுள்ள காலத்தை நம் முன்னோர் ஒரு நாள் எனக் கொண்டனர். அந்நாளை 60 நாழிகைகளாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகைகளாகவும் பகுத்தனர். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஏழரை நாழிகை ஒரு சாமம். சிறுபொழுது ஆறு எனக் கொண்ட இலக்கண நூலார் ஒவ்வொரு பொழுதுக்கும் 10 நாழிகை வகுத்தனர். விநாழிகையை வினாடி என்றும் வழங்கியதுண்டு. இன்று வினாடி என்னும் சொல் மணிக்கணக்கின் மிகச் சிறிய அளவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பழைய வினாடி ஒன்றில் புதிய வினாடி 24 அடங்கும். ஆதலின், பழைய அளவை விநாழிகை என்றே வழங்குதல் மயக்கத்தைத் தவிர்க்கும்.

நிமிடம் என்னும் சொல்லும் இவ்வாறே பொருள் மாறியதாகும். வடமொழியில் அதன் மூலச்சொல் கண் ஒருமுறை இமைக்கும் பொழுதைக் குறிப்பது. தொல்காப்பியரும் எழுத்தின் மாத்திரைக்குக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே அளவாகக் கூறினார். கண்ணிமைப் பொழுதாக இருந்த சொல் இன்று 60 வினாடி நீளம் பெற்றுவிட்டது! மணித்துளி என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்கவும் அது பரவலாக வழங்கப்பெறாமை வருந்தத்தக்கது.

கடிகாரம் இல்லாத காலத்தில் நாழிகையை அளந்தது நீராகும். அடியில் நுண்ணிய துளையுடைய செப்புக் கிண்ணம் ஒன்றை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவர். துளை வழியே நீர் சிறிது சிறிதாக உட்புகும். கிண்ணம் நிறைந்து அமிழ்ந்தவுடன் ஒரு நாழிகை முடிந்தது எனக் கொண்டு, அதனை மீண்டும் மிதக்கவிடுவர். துளையின் அளவும் கிண்ணத்தின் எடையுமே இக்கருவியின் உயிர். துளை சிறிது தேய்ந்து அகன்றாலும் நாழிகை குறுகிவிடும். நீரால் நாழிகை அளக்கும் கருவியைக் கன்னல் என வழங்கிய செய்தியை முல்லைப்பாட்டிற் காணலாம். அதனைப் பார்த்துக் காலத்தை அறிவித்தோர் நாழிகைக் கணக்கர் எனப்பட்டனர்.

இனி மாற்றும் முறையைக் காண்க. ஒரு நாளில் 24 மணி உண்டு. மணி ஒன்றுக்கு 60 நிமிடம் ஆதலின், ஒரு நாளுக்கு 1,440 நிமிடம் ஆகும். இதனை 60 நாழிகைக்குப் பகிர்ந்தால், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் கிடைக்கும். ஐந்து நாழிகை 120 நிமிடம், அஃதாவது இரண்டு மணி. எனவே நாழிகையை இரண்டாற் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி வரும். மணியை ஐந்தாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் நாழிகை வரும். ஏழரை நாழிகையாகிய சாமம் மூன்று மணி ஆகும். முகூர்த்தம் 48 நிமிடம். நாட்காட்டியில் ஒன்றரை மணி நேரமாகக் குறிக்கப்பெறும் இராகுகாலம் மூன்றே முக்கால் நாழிகை ஆகும். விநாழிகைக்கு 24 வினாடி என்பதும் இதனால் பெறப்படும்.

நாழிகைக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் சிறிய அளவு 60 சேர்ந்தே அடுத்த பெரிய அளவாகின்றது. ரூபாயும் காசும் போல, மீட்டரும் சென்டிமீட்டரும் போல, 100 சேர்ந்து உயர்வதில்லை. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. படகொன்று காலை 4 மணி 45 நிமிடத்திற்குப் புறப்பட்டு, 2 மணி 50 நிமிடம் கழித்துக் கரை சேர்ந்தால், அப்பொழுது நேரம் என்ன? எண்களை அப்படியே கூட்டுவோர் 6.95 என்பர். அப்படியொரு நேரம் எக்கடிகாரத்திலும் இல்லை. 45 நிமிடமும் 50 நிமிடமும் சேர்ந்து 95 நிமிடம்; அதில் 60 நிமிடம் ஒரு மணியாக உயர, 35 நிமிடம் எஞ்சும். ஆகவே விடை 7 மணி 35 நிமிடம். கழித்தற்கும் இதுவே விதி. 11 மணி 20 நிமிடத்தினின்று 4 மணி 45 நிமிடத்தைக் கழிக்குங்கால், கடன் வாங்கும் ஒரு மணி 60 நிமிடமாகவே இறங்கும். 100 ஆக இறங்காது. 80 நிமிடத்தினின்று 45 நிமிடம் போக 35 நிமிடம். 10 மணியினின்று 4 மணி போக 6 மணி. விடை 6 மணி 35 நிமிடம்.

6.95 என்னும் விடை பிழையென்பது பார்த்தவுடன் தெரியும். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் பிழையே தீமை மிகுந்தது. உப்பளத்தில் பணிபுரியும் ஒருவர், வழக்கமான பணி முடிந்தபின் நாள்தோறும் 1 மணி 40 நிமிடம் மிகுதியாக உழைக்கின்றார் எனக் கொள்க. ஆறு நாள் உழைப்பைக் கணக்கிடுபவர் அதனை 1.40 என்று எழுதி, ஆறாற் பெருக்கி, 8.40 என விடை காண்கின்றார். 8 மணி 40 நிமிடம் என்பது நம்பத்தக்கதாகவே தோன்றும். உண்மையில் 40 நிமிடம் ஆறு முறை சேர்ந்தால் 240 நிமிடம், அஃதாவது 4 மணி. ஒரு மணி ஆறு முறை சேர்ந்தால் 6 மணி. மொத்தம் 10 மணி. உழைத்தவர் ஒரு கிழமையில் 1 மணி 20 நிமிடத்தின் கூலியை இழக்கின்றார். ஏமாற்றும் எண்ணம் எவர்க்கும் இல்லாமலே இவ்விழப்பு நேர்ந்துவிடுகின்றது.

கடலிலோ இழப்பு கூலியோடு நிற்பதில்லை. மணிக்கு 4 லிட்டர் எண்ணெய் செலவிடும் இயந்திரப் படகு 2 மணி 30 நிமிடம் ஓட வேண்டுமாயின், இரண்டரையை நான்காற் பெருக்கி 10 லிட்டர் எடுத்துச் செல்லுதல் வேண்டும். 2.30 என எழுதிப் பெருக்குவோர் 9.20 லிட்டரே எடுத்துச் செல்வர். குறைவது 0.80 லிட்டர்தான், ஆயினும் அது 12 நிமிட ஓட்டத்திற்குரிய எண்ணெய். கரை கண்ணுக்குத் தெரியும் இடத்திலே இயந்திரம் ஓய்ந்துவிடும். அரை நாழிகைக் குறைவு எதிர்காற்றில் சிறிய குறைவன்று.

இம்மயக்கத்திற்குக் காரணம் ஒரு புள்ளி இரண்டு பணி செய்வதே ஆகும். கடிகார முறையில் 1.30 என எழுதினால் 1 மணி 30 நிமிடம். தசம முறையில் ஒன்றரை மணியை 1.5 என எழுதுவர். முக்கால் மணி 0.75, பத்தில் ஒரு மணி 6 நிமிடம். பெருக்கலும் வகுத்தலும் செய்யுமுன், நிமிடத்தை 60 ஆல் வகுத்துத் தசமமாக்கிக் கொள்ளலாம். அல்லது முழுவதையும் நிமிடமாக மாற்றிக் கொள்ளலாம். இரண்டாவது முறையே இளையோர்க்கு ஏற்றது. 1 மணி 40 நிமிடம் என்பது 100 நிமிடம். ஆறு நாளுக்கு 600 நிமிடம். 60 ஆல் வகுக்கப் 10 மணி. பிழை நுழைய இடமே இல்லை.

இவ்வளவு தொல்லை தரும் 60ஐ நீக்கி, 100ஐ வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் வினவலாம். பிரெஞ்சுப் புரட்சியின்போது அந்நாட்டார் அதனையும் செய்து பார்த்தனர். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என 1793இல் சட்டம் இயற்றினர். மக்கள் அதனை ஏற்கவில்லை. 1795இல் அம்முறை கைவிடப்பட்டது. 60க்கு ஒரு தனிச் சிறப்புண்டு. 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்னும் எண்கள் அனைத்தும் அதனை மீதியின்றி வகுக்கும். 100ஐ மூன்று சம பங்காக்க இயலாது. ஒரு மணியை மூன்றாகப் பகுத்தால் 20 நிமிடம் முழுமையாகக் கிடைக்கும்.

அளவுகள் உயரும் முறையைப் போன்றே எண்ணிக்கை தொடங்கும் வேளையும் கருதத்தக்கது. கடிகாரம் நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றது. பஞ்சாங்கத்தின் நாழிகையோ அன்றைய ஞாயிற்றின் தோற்றத்திலிருந்து எண்ணப்படுவது. பஞ்சாங்கத்தில் ஒரு திதி 18 நாழிகை 35 விநாழிகை வரை உள்ளது எனக் குறித்திருந்தால், அது கடிகாரத்தில் எந்நேரம்? 18 நாழிகைக்கு 432 நிமிடம்; 35 விநாழிகைக்கு 840 வினாடி, அஃதாவது 14 நிமிடம். மொத்தம் 446 நிமிடம், 7 மணி 26 நிமிடம். இது திதி முடியும் நேரமன்று. ஞாயிறு தோன்றியபின் கழிந்த காலமே. சித்திரைத் தொடக்கத்தில் கடலாடியில் ஞாயிறு ஏறத்தாழக் காலை 6 மணி 6 நிமிடத்திற்குத் தோன்றும். இரண்டையும் கூட்ட 13 மணி 32 நிமிடம் வரும். இரயில்வே அட்டவணையில் 13.32 என்றே எழுதுவர். பேச்சு வழக்கில் 12 மணியைக் கழித்துப் பிற்பகல் 1 மணி 32 நிமிடம் என்போம். தை மாதத்தில் ஞாயிறு ஏறத்தாழ 6 மணி 37 நிமிடத்திற்குத் தோன்றும் நாளில், அதே 18 நாழிகை 35 விநாழிகை பிற்பகல் 2 மணி 3 நிமிடத்தில் முடியும். நாழிகை ஒன்றே, மணி வேறு. என்றும் 6 மணிக்கே ஞாயிறு தோன்றுவதாகக் கொண்டு கணக்கிடுவோர் அரைமணிக்கு மேலும் பிழைபட நேரும்.

பகலின் நீளமும் நிலையானதன்று. 30 நாழிகை பகல், 30 நாழிகை இரவு என்பது பொதுக் கணக்கே. கடலாடியில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 31½ நாழிகை நீளும். மார்கழியில் 29 நாழிகை அளவாகக் குறையும். வடநாட்டில் இவ்வேறுபாடு இன்னும் மிகும்.

கடிகாரத்தின் நண்பகலும் ஞாயிற்றின் நண்பகலும் ஒன்றாகாமைக்கும் காரணம் உண்டு. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கின்றது. மணிக்கு 15 பாகை. நாழிகைக்கு 6 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியத் திட்ட நேரம் கிழக்கு நெடுவரை 82½ பாகையைக் கொண்டு, 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரயில்வேக்குச் சென்னை நேரம் பயன்பட்டது; அது இன்றைய நேரத்திற்கு ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. கடலாடி 78½ பாகையில் உள்ளது. நான்கு பாகை மேற்கே இருத்தலால், அங்கு ஞாயிறு உச்சிக்கு வருதல் 16 நிமிடம் பிந்தும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருத்தலாலும் அதன் அச்சு சாய்ந்திருத்தலாலும் இவ்வளவு ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும்; பிப்ரவரி நடுவில் உச்சிவேளை 12.30 மணி அளவிலும், நவம்பர்த் தொடக்கத்தில் 12 மணி அளவிலும் நிகழும்.

சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களில் கடலாடியில் ஒரு புதுமை உண்டு. அந்நாள்களில் ஞாயிறு அவ்வூருக்கு நேர் மேலே வருகின்றது. அக்காலத்தில் மேற்கூறிய ஏற்றத்தாழ்வும் ஏறத்தாழ ஒன்றுமில்லையாகும். சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, 12 மணி முதல் நோக்கியிருக்கும் மாணவர், நிழல் குறுகிக் குறுகி 12 மணி 16 நிமிடத்தில் கோலின் அடியிலே மறைந்துபோவதைக் காணலாம். நிழல் ஒரு பொய்யாக் கடிகாரம். கைப்பேசி காட்டும் நேரத்தினின்று நான்கு பாகையை அதுவே அளந்து காட்டும்.

நிலவின் கணக்கில் நாழிகையின் பயன் இன்னும் தெளிவாகும். நிறைமதி நாளில் ஞாயிறு மறையும் வேளையை ஒட்டி நிலவு எழும். பின்னர் ஒவ்வொரு திதிக்கும் இரண்டு நாழிகை பிந்தி எழும் என்பது பழைய விதி. திங்களுக்குத் திதி 30, நாளுக்கு நாழிகை 60 ஆதலின், திதிக்கு இரண்டு நாழிகை என்பது எளிதில் விளங்கும். இரண்டு நாழிகை 48 நிமிடம். நிலவு நாள்தோறும் பிந்துவது சராசரியாக ஏறத்தாழ 50 நிமிடம் என இன்றைய வானநூலார் கூறுவர். பழைய விதி எவ்வளவு நெருங்கியது என்பதைக் காண்க. கடலின் நீரேற்றமும் நிலவையே பின்பற்றி நாள்தோறும் அவ்வளவே பிந்துகின்றது.

நிறைமதிக்குப் பின் ஆறாம் நாள் இரவு, இருளில் வலை விரிக்க விரும்பும் மீனவர் ஒருவர்க்கு எவ்வளவு காலம் கிடைக்கும்? ஆறு திதிக்குப் 12 நாழிகை, 288 நிமிடம், 4 மணி 48 நிமிடம். சித்திரைத் தொடக்கத்தில் ஞாயிறு மாலை 6 மணி 26 நிமிட அளவில் மறைவதால், நிலவு இரவு 11 மணி 14 நிமிட அளவில் எழும்; சில நாள்களில் சற்று முன்பின்னாகலாம். ஞாயிறு மறைந்தபின் அந்தி வெளிச்சம் மங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நாழிகை செல்லும். அதனைக் கழிக்க, எஞ்சுவது 11 நாழிகை இருள். 11ஐ இரண்டாற் பெருக்க 22. ஐந்தால் வகுக்க நான்கு மணியும், ஐந்தில் இரண்டு பங்கு மணியும். அப்பங்கு 24 நிமிடம். ஆகவே வலைக்குரிய இருள் 4 மணி 24 நிமிடம்.