மழையும் படமும் பாலில்லாக் காப்பியும்

நம் சங்கத்தின் திங்கள் கூட்டம் முடிந்ததும் அன்பர்கள் உடனே வீடு திரும்புவதில்லை. சொற்பொழிவு ஒரு மணி நேரம் என்றால், அதன் பின்னர் வாயிற்படியில் நின்று நிகழும் உரையாடல் ஒன்றரை மணி நேரம். "ஊரில் மழை உண்டா?", "புதுப்படம் பார்த்தீர்களா?", "இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல்?" என்னும் மூன்று வினாக்களைச் சுற்றியே அப்பேச்சு சுழலும். இப்பொழுது நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. கைப்பேசியை நீட்டி, "இணையத்தில் இந்த வேடிக்கையைப் பார்த்தீர்களா?" என்று காட்டுவது அது.

இவற்றை வீண்பேச்சென்று ஒதுக்குவோர் உண்டு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை அன்பர்களிடம் சொல்லிக்கொள்ள விழைகிறோம்.

நாம் மும்பையில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நம் அன்னையார் தாமிரவருணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கிறார். நாள்தோறும் மாலையில் அவருடன் தொலைபேசியில் பேசுவது நம் இல்லத்து வழக்கம். அப்பேச்சு மழையில்தான் தொடங்கும். ஜூன் திங்கள் இரண்டாம் வாரத்தில் மும்பைக்குத் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். "இங்கே கொட்டுகிறது அம்மா, அங்கே எப்படி?" என்போம். "இங்கே காத்துதான் அடிக்கி" என்பார் அவர். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் தன் நீரையெல்லாம் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாய்க் கீழிறங்கி வருகிறது. குற்றாலம் போன்ற மலையடி ஊர்களுக்குச் சாரல் உண்டு. சமவெளிக்குப் புழுதிதான் மிச்சம். நம் ஊருக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும். அப்போது மும்பையில் வானம் வெளுத்துக் கிடக்கும். ஆக, தாய் காயும் காலத்தில் மகன் நனைகிறான். மகன் காயும் காலத்தில் தாய் நனைகிறாள். அதனாலேயே மழையைப் பற்றிய கேள்வி இரு வீடுகளுக்கும் இடையே ஓயாமல் போய்வந்து கொண்டிருக்கிறது.

2023ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே செல்ல வழியில்லை. இல்லத்தார் அனைவரும் அமர்ந்து 'நாயகன்' படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். 1987ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. தாராவியை நாம் நன்கு அறிவோம். நாம் அலுவலகம் செல்லும் ரயில் அதன் ஓரமாகத்தான் போகிறது. ஆயினும் அப்படத்தில் வரும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில், வீனஸ் ஸ்டூடியோவில், கலை இயக்குநர் தோட்டா தரணி எழுப்பியது. அவருக்கு அதற்காகத் தேசிய விருதும் கிடைத்தது. மும்பையில் வாழும் நாம், சென்னையில் கட்டப்பட்ட மும்பையை, மும்பை மழையில் அடைபட்டுக் கிடந்து பார்த்து மகிழ்ந்தோம்! தூரத்து ஊரைக் கண்ணாடி வழியே காண்பதில் மனிதருக்குத்தான் எத்துணை ஆவல்!

அதைக் கேட்ட நம் புதல்வி, கல்லூரியில் கணினி பயில்பவள், இணையத்தில் தான் படித்த ஒரு வேடிக்கையைக் கூறினாள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுக்கூடத்தில் பலருக்கும் பொதுவாக ஒரு காப்பிப் பாத்திரம் இருந்ததாம். வெவ்வேறு அறைகளில் இருந்தோர் நடந்து வந்து பார்க்கும்போது பாத்திரம் காலியாக இருக்கும். இந்தத் தொல்லையைப் போக்க 1991ஆம் ஆண்டு, பாத்திரத்தின் எதிரே ஒரு படக்கருவியைப் பொருத்தினார்கள். காப்பி இருக்கிறதா இல்லையா என்பதை அவரவர் மேசைத் திரையிலேயே கண்டுகொள்ளலாம். 1993ஆம் ஆண்டு அப்படம் இணையத்தில் ஏறியது. உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தனர். அவர்களுள் ஒருவருக்கும் அதிலிருந்து ஒரு வாய் காப்பி கிடைக்கப் போவதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 அன்று படக்கருவி நிறுத்தப்பட்டது. பாத்திரத்தை ஜெர்மனியின் 'டேர் ஷ்பீகல்' பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தது.

நாம் வாய்விட்டு நகைத்தோம். நம் இல்லாள் எழுந்து சென்று காப்பி கலந்து வந்தாள். அந்தச் சமயத்தில்தான் மகள் மெல்லச் சொன்னாள்: "எனக்கு வேண்டாம் அம்மா. நான் இனிமேல் பால் சாப்பிடுவதாக இல்லை."

இறைச்சி மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் என உயிரினங்களிடமிருந்து பெறும் எதனையும் உண்ணாத முறை ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவருடைய நண்பர்களும் அதற்கு 'வீகன்' என்று பெயரிட்டார்கள். தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். நாம் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவினர். நம் மகளோ நனிசைவம் ஆனாள்!

"கன்றுக்குரியதை நாம் எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமாக இல்லை, அப்பா. உங்களை நிறுத்தச் சொல்லவில்லை" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். ஆயினும் நமக்குச் சினம் வந்தது. பாலுக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று என்று வாதிட்டோம். சென்னைக் கிண்டியில் பொறியியல் பயின்ற வர்கீஸ் குரியன், குஜராத்தின் ஆனந்தில் சிறு உழவர்களோடு உழைத்ததையும், 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியால் 1998 முதல் இந்தியா உலகின் பால் உற்பத்தியில் முதலிடம் பெற்றதையும் எடுத்துரைத்தோம். எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் ஒற்றைக் கறவை மாடுதானே பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்றோம். அவள் மறுக்கவில்லை. இசையவும் இல்லை.

அன்று முதல் நம் வீட்டில் இரண்டு பந்தி ஆயிற்று. ரசம் சோற்றோடு அவள் எழுந்துவிடுவாள். நாம் தயிர்ச்சோறு உண்ணும் நேரத்தில் அவள் இடம் காலியாக இருக்கும். சில நாள் சென்றதும், "எனக்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்" என்று வெளியிலேயே உண்டு வரத் தொடங்கினாள். நனிசைவ உணவுக்கென்றே இந்நகரில் உணவகங்கள் இருக்கின்றன. பொட்டலங்களில் பச்சை நிற 'வி' எழுத்தும் இலையும் கொண்ட அரசு முத்திரையும் வந்துவிட்டது. அவளுக்கு உணவுக்குக் குறைவில்லை. நமக்குத்தான் மகள் குறைந்தாள். இச்செய்தியை அன்னையாருக்கு நாம் தெரிவிக்கவில்லை. மாலைதோறும் அவர் கேட்கும் இரண்டாவது கேள்வி, "பிள்ளை காப்பி குடிச்சாளா?" என்பதே. "குடித்தாள் அம்மா" என்று பொய் சொல்லி வந்தோம்.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் பெய்ததும் ஏறத்தாழ அவ்வளவே, 94 செ.மீ. அன்று நாம் இடுப்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்தோம். அன்னையார் ஊரில் இருந்து தவித்தார். இப்பொழுது முறை மாறிவிட்டது.

மூன்று நாட்கள் தொலைபேசி இயங்கவில்லை. நம் மகள் இரவு பகலாகக் கைப்பேசியை வைத்துக்கொண்டு, யார் யாரோ எடுத்து அனுப்பிய படங்களில் ஆச்சியின் தெருவைத் தேடினாள். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளுடன் ரயில் ஒன்று வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டதையும், அருகிலுள்ள ஊர்மக்கள் தங்கள் அரிசியைக் கொண்டு சமைத்து அப்பயணிகளுக்கு உணவிட்டதையும் அதில்தான் அறிந்தோம். எல்லாம் தெரிந்தது, ஆச்சியின் வீடு மட்டும் தெரியவில்லை. கேம்பிரிட்ஜ் காப்பிப் பாத்திரக் கதை நம் நினைவுக்கு வந்தது. இம்முறை நகைக்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் அண்டை வீட்டார் ஒருவரின் கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்தது. "மழை விட்டுட்டு. வீட்டுக்குள்ள தண்ணி வந்து போயிட்டு. பிள்ளை காப்பி குடிச்சாளா?" என்றார் அன்னையார். தொலைபேசியை மகள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்குப் பேச்சு எழவில்லை.

வீடு சீராகும் வரை அன்னையாரை மும்பைக்கு அழைத்து வந்தோம். பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. வந்த மறுநாள் விடியற்காலையில், நாம் எழுமுன்னரே அவர் எழுந்து காப்பி கலந்து, முதல் குவளையைப் பேத்தியிடம் கொண்டு சென்று நீட்டினார். நாம் அறைவாயிலில் செய்வதறியாது நின்றோம். "ஆச்சி, நான் பால் குடிக்கிறதில்லை. மாட்டுக்குப் பாவம்னு தோணிச்சு" என்றாள் அவள்.

அன்னையார் சிறிது நேரம் அவள் முகத்தையே நோக்கினார். பிறகு, "ஏட்டி, இதுக்கா இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கே? நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையிலே தினம் தினம் பாலை யாரு கண்டா? கருப்பட்டிக் காப்பிதான். விருந்தாளி வந்தாத்தான் பால்" என்று கூறி அடுக்களைக்குத் திரும்பினார். ஊரிலிருந்து கொணர்ந்த உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, சுக்கும் காப்பித்தூளும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டிக் கொடுத்தார். இருவரும் ஒரே வகைக் காப்பியைச் சன்னலோரம் அமர்ந்து குடித்தார்கள். அரையாண்டுக் காலம் நாம் மறைத்து வைத்த பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை!

அன்னையார் பிறந்தது 1946ஆம் ஆண்டு. நாம் பெருமையோடு எடுத்துரைத்த வெண்மைப் புரட்சி தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. ஆகவே பால் நிறைந்த அடுக்களையைத்தான் நாம் பழைமை என்று எண்ணிக் காத்து நின்றோம். அதனினும் பழைய அடுக்களை ஒன்று அவர் நினைவில் இருந்தது. அதில் நம் மகளுக்கு இடமும் இருந்தது.

அந்த வாரம் அவர் சொதி வைத்தார். நெல்லைச் சீமையில் திருமணத்தின் மறுவீட்டு விருந்துக்குச் சொதி இல்லாமல் முடியாது. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்துக்கொள்ள வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் ஆகியவற்றை நீர்த்த பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, இறுதியில் கெட்டிப் பாலை ஊற்றிக் கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். ஆறியபின் எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயில் தாளித்தார். வேறொன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிலக்கடலையை அரைத்துப் பாலெடுத்து மிளகாய்க் காம்பிட்டுத் தயிர் உறையவைக்கலாம் என்று இணையத்தில் கண்டதை மகள் கூறினாள். "மோர் இல்லாத வீட்டிலே மிளகாய்க் காம்பு போட்டுத்தான் உறை விடுவோம். அது உன் பெட்டிக்குள்ளேயும் வந்துட்டா?" என்று அன்னையார் வியந்தார். கடலைத் தயிர் நமக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை என்பதையும் ஒளியாமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் அன்று தயிர்ச்சோறு உண்ணும் வரை எவரும் எழவில்லை.

பொங்கலன்று நமக்கு ஓர் ஐயம். "பால் பொங்கிற்றா?" என்றல்லவா அனைவரும் கேட்பார்கள்? அன்னையார், "பொங்குறதுக்கு அரிசி களைஞ்ச தண்ணி போதாதா?" என்றார். அவ்வாறே பொங்கிற்று. பானையிலிருந்து ஒரு பகுதியை நெய்யிட்டும், மற்றொரு பகுதியைத் தேங்காய்ப்பாலிட்டும் சர்க்கரைப் பொங்கலாக்கினோம்.

நம் மகள் இன்றும் பால் உண்பதில்லை. நாம் இன்றும் தயிரை விடவில்லை. யார் கொள்கை சரி என்னும் வழக்கு முடியவில்லை, முடியவேண்டியதும் இல்லை. அவ்வழக்கை ஒரே பந்தியில் அமர்ந்து நடத்துகிறோம்.

சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா விருந்தில் நாம் பரிமாறும் பாயசம் ஒன்றே ஒன்று. அத்துடன் தேங்காய்ப்பால் பாயசமும் ஒரு பாத்திரம் வைத்தால் செலவு பெரிதாகாது. சென்ற ஆண்டு விழாவில் தம் பிள்ளைகளை ஏன் அழைத்து வரவில்லை என்று நாம் கேட்டபோது மழுப்பலாக விடை சொன்ன பெற்றோர் இருவர் இருந்தனர். காரணம் நம் வீட்டுக் காரணமாகவும் இருக்கக்கூடும்.

அன்னையார் பங்குனியில் ஊர் திரும்பிவிட்டார். இப்பொழுது மாலை வேளை. மும்பையில் மழை பெய்துகொண்டிருக்கிறது. மகள் ஆச்சியை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். "காப்பி குடிச்சேன் ஆச்சி, கருப்பட்டிக் காப்பி" என்று அவள் கூறுவது நம் காதில் விழுகிறது. ஊரில் மழை உண்டா என்பதை விசாரித்து வைத்து, அடுத்த திங்கள் வாயிற்படியில் அன்பர்களுக்குத் தெரிவிக்கிறோம்.