வரலாற்று நாவலில் நாம் விரும்பும் காலம்

கல்லூரி நூல்நிலையத்திலே பலர் கைபட்டுக் கட்டுக் குலைந்து கிடக்கும் நூல்கள் எவையென நோக்கின், அவற்றுள் வரலாற்று நாவல்களுக்குச் சிறப்பான ஓரிடம் உண்டென்பது ஆசிரியர் அறிந்ததே. அந்நாவல்கள் எக்காலத்தைப் பற்றியன என மேலும் வினவின், பல்லவர் காலம், சோழர் காலம் என்பதே பெரும்பாலும் விடையாக அமையும். இவ்விருப்பம் எவ்வாறு தோன்றியது, அது நமக்குத் தந்தது யாது, தாராது விட்டது யாது என்பவற்றை, மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் வரலாற்று நாவல் சோழரோடு தொடங்கியதன்று. அவ்வகையில் முதலாவதெனக் கொள்ளப்படும் ‘மோகனாங்கி’ 1895ஆம் ஆண்டிலே சென்னையில் வெளிவந்தது. அதனை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் நாட்டுத் திருகோணமலையைச் சேர்ந்தவர். அவர் தேர்ந்துகொண்டது பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் காலம். பின்னரே கல்வெட்டுகள் படிப்படியாகப் படித்து வெளியிடப்பட்டன. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. கதை புனைவோர்க்கு வேண்டிய பெயர்களும் போர்களும் ஊர்களும் அவ்வாறு கைக்கெட்டின. அக்காலம் விடுதலை வேட்கை மிக்க காலமுமாகும். தம் முன்னோர் கடல் கடந்து ஆண்டனர் என்னும் செய்தி அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு மருந்தாயிற்று. கல்கி ‘பார்த்திபன் கன’வை 1941இலும், ‘சிவகாமியின் சபத’த்தை 1944இலும், ‘பொன்னியின் செல்வ’னை 1950இலும் தொடர்கதையாகத் தொடங்கினார். சான்றும் தேவையும் ஒருங்கே கூடிய வேளையில் அக்கதைகள் பிறந்தமையே அவற்றின் பெருஞ்செல்வாக்கிற்கு ஏதுவாயிற்று.

இக்கதைகள் நம் பகுதிக்குப் புறம்பானவை அல்ல. காஞ்சியிலே நரசிம்மவர்மனிடம் புகலடைந்து, பின்னர்ப் பல்லவர் படைத்துணையோடு அனுராதபுரத்து அரசைப் பெற்ற மானவன்மனை மகாவமிசத்தின் தொடர்ச்சியான சூளவமிசம் கூறும். ‘சிவகாமியின் சபத’த்திலும் அவன் உலவுகின்றான். அத்தகைய உறவு கல்லில் எவ்வுருக் கொள்ளும் என்பதை அறிய விரும்புவோர் நாவுலப் பிரிவிலுள்ள நாலந்தா கெடிகேயைக் காணுதல் வேண்டும். மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டும் திராவிடப் பாணியில் அமைந்த பௌத்த வழிபாட்டிடம் அது. எட்டாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அதன் காலத்தை அறிஞர் பலவாறு கணிப்பர். போவத்தென்னை நீர்த்தேக்கத்தால் அது நீரில் மூழ்கும் நிலை நேர்ந்தபோது, கல் கல்லாகப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மீளவும் எழுப்பினர்.

‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் பாகத்திலே வந்தியத்தேவன் இலங்கைக்கு வந்து, அருள்மொழிவர்மனைத் தேடி மாதோட்டப் பக்கத்திலிருந்து தம்புள்ளைக்குச் செல்கின்றான். தம்புள்ளையோ நாவுலவுக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ளது. அவ்வீரன் எக்காட்டைக் கடந்தான், எவரைச் சந்தித்தான் என்பனவெல்லாம் நம் மாணவர் பலர்க்கு மனப்பாடம்.

ஆயின் அதே திசையில் வந்த வேறு பயணிகளும் உளர். கோப்பிச் செய்கை பெருகிய 1830களுக்குப் பின்னர், தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்ட ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். காடு வழியே கால்நடையாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரை மாய்த்தன. வந்தியத்தேவனது குதிரையின் குளம்படியை அறிந்த நாம், இவர்தம் காலடியை அறியோம். இவருட் பலர் நம்முள் எத்தனையோ பேரின் முன்னோர் என்பதை எண்ணும்போது இக்குறை பெரிதாகின்றது.

பிறமொழியாளர் செய்ததை இங்கு நினைத்தல் தகும். வால்ட்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட தம் முதல் நாவலுக்கு ‘அறுபது ஆண்டுகளுக்கு முன்’ என்னும் பொருள்படும் துணைப்பெயர் இட்டார். தோல்ஸ்தோய் ‘போரும் அமைதியும்’ என்னும் நூலை எழுதியது 1860களில். அதன் நடுநாயகமான போர் நிகழ்ந்தது 1812இல். இருவரும் பாட்டன்மார் நினைவுக்கு எட்டும் காலத்தையே தேர்ந்தனர். அரசரை மட்டுமன்றிப் படைவீரரையும் உழவரையும் உயிருள்ள மனிதராகக் காட்ட அவ்வணிமை அவர்க்குத் துணைசெய்தது. ஆயிரம் ஆண்டுத் தொலைவில் மணிமுடி துலங்கும். குடியானவன் முகம் மங்கும்.

அண்மைக் காலம் நம் நாவலில் அருகியமைக்குக் காரணம் உண்டு. அரசர் தம் புகழைக் கல்லில் வெட்டி வைத்தனர். நடந்து வந்தவர்க்குக் கல்லும் இல்லை, வெட்டுவிப்போரும் இல்லை. எனினும் சான்று முற்றும் அற்றுப்போகவில்லை. ஆட்சியாளரின் அறிக்கைகளும், தோட்டத் துரைமாரின் குறிப்புகளும், தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களும், வீடுகளில் வழங்கும் கதைகளும் உள்ளன. கோகிலம் சுப்பையா 1964இல் எழுதிய ‘தூரத்துப் பச்சை’ தோட்டத் தமிழரின் வாழ்வை நாவலாக்கலாம் என்பதைக் காட்டிற்று. இன்னும் எழுதுவதற்கு இடம் மிக உண்டு.

சோழரைக் கைவிடுக என்று கூறுவது நம் கருத்தன்று. அக்கதைகளே வரலாற்றின்பால் நம்மை ஈர்த்தவை. மொழியின் சுவையை ஊட்டியவை. ஆயின் பெருமிதம் தரும் காலம் ஒன்று, நம்மை நமக்கு உணர்த்தும் காலம் மற்றொன்று. இரண்டையும் விரும்பிக் கற்பவனே வரலாற்றை முழுமையாக அறிவான். மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோர் கூறும் பயணக் கதைகளை இன்றே கேட்டு எழுதி வைப்பாராயின், நாளை எழவிருக்கும் நாவலாசிரியனுக்கு அவையே கல்வெட்டாகும். முதியோர் மறைந்தபின் அவற்றைப் பெற வேறு வழியில்லை.