பனியும் உத்தரவும்: ஒரு வனவிலங்கு இலாகாவின் கொள்கைப் பரிசீலனை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத்தொடரின் உயர்ந்த சரிவுகளில், வுல்வரீன் என்னும் பிராணி வாழ்கிறது. நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த இது, பார்வைக்குச் சிறு கரடியைப் போலிருக்கும். பெண் வுல்வரீன் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆழ்ந்த வெண்பனியைக் குடைந்து வளை அமைத்து, அதனுள் குட்டிகளை ஈனுகிறது. அப்பனி வசந்த காலத்திலும் உருகாமல் நின்றால்தான் குட்டிகளுக்குக் குளிரிலிருந்தும் பகைப் பிராணிகளிடமிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும். அலாஸ்கா நீங்கலாக, அந்நாட்டில் எஞ்சியுள்ள வுல்வரீன்கள் சுமார் 300 என மதிப்பிடப்பட்டிருக்கிறது.

பூமியின் வெப்பநிலை உயர்ந்து வருவதால் மலைப்பனி குறைந்து வருகிறது. ஆகவே இப்பிராணிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தேவையா என்னும் கேள்வி எழுந்தது. இதற்கு முடிவான விடை காண 2013 முதல் 2023 வரை பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பத்தாண்டுகளின் வரலாறு ஒரு விலங்கின் வரலாறு மட்டுமன்று. விஞ்ஞான அறிவை அடிப்படையாகக் கொண்ட ஓர் இலாகா, ஆட்சியின் நோக்கங்கள் மாறும்போது தன் கொள்கைகளை எவ்வாறு மறுபரிசீலனை செய்கிறது என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

இலாகாவின் தோற்றம்

1903-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், புளோரிடா மாநிலத்திலுள்ள பெலிக்கன் தீவைப் பறவைகளுக்குரிய புகலிடமாக அறிவித்தார். அத்தீவே இன்று 550-க்கும் மேற்பட்ட தேசிய வனவிலங்குப் புகலிடங்களாக விரிந்துள்ள அமைப்பின் தொடக்கம். இவற்றை நிர்வகிக்கும் மீன், வனவிலங்கு இலாகா, இரு பழைய அலுவலகங்களை ஒன்றாக இணைத்து 1940-ம் ஆண்டில் நிறுவப்பட்டது. பூச்சிக்கொல்லி மருந்துகளின் தீமையை உலகுக்கு எடுத்துரைத்த ரேச்சல் கார்சன் அம்மையார் 1952 வரை இந்த இலாகாவில்தான் பணியாற்றினார்.

இந்த இலாகா 'இன்டீரியர்' எனப்படும் அமைச்சகத்தைச் சேர்ந்தது. இப்பெயரை நம் நாட்டு உள்துறையோடு வாசகர்கள் குழப்பிக்கொள்ளலாகாது. போலீசுக்கும் அந்த அமைச்சகத்தின் முக்கியப் பணிக்கும் தொடர்பில்லை. மத்திய சர்க்காருக்குச் சொந்தமான நிலங்களும், அவற்றின் அடியிலுள்ள எண்ணெய், நிலக்கரி முதலிய கனிப்பொருள்களும், அவற்றின்மேல் வாழும் வனவிலங்குகளும் அதன் பொறுப்பில் உள்ளன. தோண்டுவோருக்கு அனுமதி வழங்கும் கடமையும், தோண்டப்படும் இடத்திலுள்ள உயிரைக் காக்கும் கடமையும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்கின்றன. பின்னர் கூறப்படும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

கொள்கையில் சீதோஷ்ணம் இடம்பெற்ற விதம்

2008-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி, ஜார்ஜ் புஷ் ஜனாதிபதியாக இருந்த காலத்தில், பனிக்கரடி அழிவு அபாயத்தை நெருங்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. கடற்பனி உருகி வருவதே அதற்கு முதன்மையான காரணமாகக் கூறப்பட்டது. ஆயினும், தொலைவிலுள்ள தொழிற்சாலைகள் வெளிவிடும் கரியமில வாயுவை இந்த அறிவிப்பைக் கொண்டு கட்டுப்படுத்தலாகாது என்னும் கருத்தில் ஒரு விதியும் உடன் சேர்க்கப்பட்டது. அடுத்து வந்த ஒபாமா ஆட்சியும் 2009-ல் அவ்விதியை நீக்காமல் வைத்துக்கொண்டது.

2010-ல் இலாகா, சீதோஷ்ண மாறுதலை எதிர்கொள்வதற்கான தன் பெருந்திட்டத்தை வெளியிட்டது. 2012 டிசம்பரில், எந்தத் திட்டத்தை வகுக்கும்போதும் சீதோஷ்ண மாறுதலைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்னும் கொள்கை அமைச்சகத்தின் நடைமுறை நூலில் சேர்க்கப்பட்டது. 2016 நவம்பரில் இலாகா தனது 'மிட்டிகேஷன்' கொள்கையைத் திருத்தி வெளியிட்டது.

இங்கு ஒரு சொல் விளக்கம் அவசியமாகிறது. சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லுக்கு வாயு வெளியீட்டைத் தணித்தல் என்று பொருள். வனவிலங்கு நிர்வாகத்தில் இதன் பொருள் வேறு. சாலையோ எண்ணெய்க் கிணறோ அமைக்கும்போது நேரும் தீங்கை முதலில் தவிர்த்தல், தவிர்க்க முடியாததைக் குறைத்தல், குறைத்த பின்னும் எஞ்சுவதற்கு வேறிடத்தில் ஈடு செய்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். தமிழில் இரண்டிற்கும் 'தணிப்பு' என்றே எழுதினால் வாசகர் மயங்குவர். எனவே இக்கட்டுரையில் பின்னதை 'தீங்கீடு' எனக் குறிப்பிடுவோம். 2016-ம் ஆண்டுக் கொள்கை, தீங்கீட்டின் முடிவில் வனவிலங்குகளின் நிலை முன்னிருந்ததைவிட மேம்பட வேண்டும், குறைந்தபட்சம் நிகர நஷ்டமேனும் இல்லாதிருக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. ஈடாக ஒதுக்கப்படும் நிலம் பிற்காலத்தில் கடலுக்குள் மூழ்கிவிடுமாயின் அந்த ஈட்டினால் பயனில்லை. ஆதலால் சீதோஷ்ண மாறுதலும் அக்கொள்கையில் இடம்பெற்றது.

மறுபரிசீலனை

2017-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஓர் உத்தரவைப் பிறப்பித்தார். உள்நாட்டு எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரி, அணுசக்தி ஆகியவற்றின் உற்பத்திக்குச் சுமையாகக்கூடிய எல்லா விதிகளையும் இலாகாக்கள் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாளே அமைச்சகத்தின் தலைவர் ரயன் ஸிங்கி, சீதோஷ்ணம், தீங்கீடு ஆகியவை பற்றித் தத்தம் அலுவலகங்கள் மேற்கொண்டுள்ள நடவடிக்கைகளைத் தெரிவிக்குமாறு தம் கீழுள்ளோர்க்குக் கட்டளையிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22-ந் தேதி, 2012-ம் ஆண்டுச் சீதோஷ்ணக் கொள்கை ரத்தாயிற்று. 2018 ஜூலை மாதத்தில் வனவிலங்கு இலாகாவும் தன் 2016-ம் ஆண்டுத் தீங்கீட்டுக் கொள்கையைத் திரும்பப் பெற்று, 1981-ம் ஆண்டுக் கொள்கையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இதன் பின்னர் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. 2021 ஜனவரி 20-ந் தேதி, ஜனாதிபதி பைடன் பதவியேற்ற நாளிலேயே 2017-ம் ஆண்டு உத்தரவை ரத்து செய்தார். ஏப்ரலில் அமைச்சகமும் அதனைச் சார்ந்த தன் கட்டளைகளை நீக்கியது. 2023 மே மாதத்தில் புதிய தீங்கீட்டுக் கொள்கை வெளியாயிற்று. 2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் மீண்டும் பதவியேற்று, பைடனின் உத்தரவை ரத்து செய்தார். பிப்ரவரி 3-ந் தேதி அமைச்சகத்தின் புதிய தலைவர் டக் பர்கம், சக்தி உற்பத்திக்குத் தடையானவற்றை நீக்க 15 நாட்களுக்குள் செயல்திட்டம் தருமாறு அதிகாரிகளைப் பணித்தார். எட்டாண்டுகளுக்குள் மூன்று முறை ஒரே கோப்பு எடுத்து விரிக்கப்பட்டது.

இரு தரப்பு நியாயங்கள்

உற்பத்தித் தொழில்களின் சார்பில் கூறப்படுவதைப் புறக்கணித்துவிட இயலாது. மேற்கு மாநிலங்களில் மத்திய சர்க்காரின் நிலமே பெரும்பகுதி. நெவாடாவில் நிலத்தின் ஐந்தில் நான்கு பங்கு அவ்வாறானது. அங்கு சுரங்கம் தோண்டுவோரும் கால்நடை மேய்ப்போரும் சர்க்காரின் அனுமதியையே நம்பியிருக்கின்றனர். பல அலுவலகங்கள் பல கொள்கைகளை வகுக்கும்போது தாமதமும் செலவும் கூடுகின்றன என்பதும், சட்டமன்றம் இயற்றாத கடமைகளை அதிகாரிகள் தாமே சேர்த்துவிடுகின்றனர் என்பதும் அவர்களுடைய முறையீடு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி தன் நோக்கங்களுக்கேற்பக் கொள்கைகளைப் பரிசீலிப்பது ஜனநாயக முறைக்கு உகந்ததே.

ஆனால் பரிசீலனையால் மாற்றக்கூடியவை எவை, மாற்ற முடியாதவை எவை என்று பகுத்துணர்தல் வேண்டும். எந்த நிலத்தில் தோண்டலாம், எவ்வளவு ஈடு கேட்கலாம் என்பவை ஆட்சியின் முடிவுகள். மலையில் பனி எத்தனை நாள் நிற்கிறது என்பது அளந்து அறியவேண்டிய செய்தி. கொள்கையை ரத்து செய்தாலும் அவ்வளவை மாறிவிடாது.

வுல்வரீன் வழக்கு

இவ்வேறுபாட்டை வுல்வரீனின் கதை நன்கு விளக்கும். 2013 பிப்ரவரியில் இலாகா இப்பிராணியை அழிவு அபாயத்தை நெருங்கும் இனமாக அறிவிக்க உத்தேசித்தது. 2014 ஆகஸ்டில், எதிர்கால விளைவுகள் போதிய அளவு உறுதியாகத் தெரியவில்லை என்று கூறி அதனைக் கைவிட்டது. அப்போது இருந்தது ஒபாமா ஆட்சியே என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். தயக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2016 ஏப்ரலில் மொன்டானாவிலுள்ள மத்திய நீதிமன்றம் அம்முடிவை ஏற்க மறுத்தது. 1973-ம் ஆண்டின் அருகிவரும் இனங்கள் சட்டம், கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விஞ்ஞானத் தகவலைக் கொண்டு முடிவு செய்யவே பணிக்கிறது. முழு நிச்சயம் ஏற்படும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. 2020-ல் இலாகா மீண்டும் பாதுகாப்பு வேண்டுவதில்லை என்றது. 2022-ல் அம்முடிவும் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2023 நவம்பர் இறுதியில் வுல்வரீன் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

கொள்கைகள் மறைந்தும் தோன்றியும் வந்த அதே காலத்தில் சட்டம் மாறாமல் நின்றது. உத்தரவை எழுதியவருக்குப் பின் வருபவர் அழித்துவிடலாம். சட்டமன்றம் இயற்றிய விதியை அவ்வாறு எளிதில் அழிக்க முடியாது. நிலைத்திருக்க வேண்டியவை சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதற் பாடம்.

சதுப்பில் நடைபெறும் பணி

இரண்டாவது பாடம் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பிளாக்வாட்டர் புகலிடத்தில் கிடைக்கிறது. நீர்ப்பறவைகளுக்காக 1933-ல் நிறுவப்பட்ட இப்புகலிடத்தில், 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட சதுப்பு நிலம் திறந்த நீராக மாறிவிட்டது. கடல்மட்டம் உயர்வதும், நிலம் தாழ்வதும், தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட நியூட்ரியா என்னும் பெரிய எலியினம் புல்லின் வேரைத் தின்றதும் இதற்குக் காரணங்கள். அந்த எலியினத்தை அப்பகுதியிலிருந்து அடியோடு நீக்க இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 2016-ம் ஆண்டின் இறுதியில், ஆற்றடியிலிருந்து எடுத்த வண்டலைச் சுமார் 40 ஏக்கர் சதுப்பின்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, அதன் மட்டத்தை உயர்த்தினர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆட்சிகளைக் கடந்து தொடர்ந்தால்தான் இத்தகைய பணி பலன் தரும். நான்கு ஆண்டுகள் செய்து நான்கு ஆண்டுகள் நிறுத்தினால், பரப்பிய மண்ணையும் கடல் கொண்டுபோகும்.

நம் நாட்டிலும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2017 முதல் 2031 வரையிலான தேசிய வனவிலங்குச் செயல்திட்டம் சீதோஷ்ண மாறுதலின் விளைவுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்னது சட்டம், பின்னது திட்டம். இவ்விரண்டின் ஆயுளும் ஒன்றல்ல என்பதை அமெரிக்க அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

பரிசீலனைகள் இனியும் நடைபெறும், நடைபெறவும் வேண்டும். ஆனால் அளவைக் குறிப்பேடுகள் மூடப்படாதிருத்தல் வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் மலையேறிப் பனியின் ஆழத்தை அளந்து எழுதி வைப்பவர் ஒருவர் இருப்பாராயின், உண்மையை அறிய விரும்பும் நாளில் அது நமக்குக் கிடைக்கும். அளப்பவர் இல்லாது போனால், எந்த நீதிமன்றமும் எந்தச் சட்டமன்றமும் அந்த இடைவெளியை நிரப்ப இயலாது.