ஏலக்காய் மணக்கும் தேசத்தின் பாஷை

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நுழைவோரை இரண்டு ஏலங்கள் எதிர்கொள்ளும். ஒன்று மூக்குக்கு எட்டுவது. மற்றொன்று விலை கூறி விற்பது. பின்னதில் இப்போது கம்ப்யூட்டர் புகுந்துவிட்டபடியால் கூச்சல் குறைந்து வாசனையே மிஞ்சியிருக்கிறது.

இந்த வாசனைக்கு மயங்கிய தேசங்களுள் ஸ்வீடன் ஒன்று. நாம் பாயசத்தில் இரண்டு காயைத் தட்டிப் போடுவதுடன் திருப்தியடைகிறோம். அவர்களோ ரொட்டி மாவில் தாராளமாகப் பொடித்துப் போட்டு, முறுக்கிச் சுட்டு, காப்பியுடன் உண்கிறார்கள். 'கார்டெமும்மா' என்பது அவர்கள் ஏலத்துக்கு இட்ட பெயர். உப்சாலா சர்வகலாசாலைப் பேராசிரியர் லின்னேயஸ், மலையாளக் கரைச் செடிகளைப் பற்றி வான் ரீடு 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட பெருநூலைத் துருவிப் படித்தவர். அந்நூலில் கண்ட நம் பக்கத்துப் பெயரே 1811-இல் 'எலெட்டேரியா' என்ற சாஸ்திரப் பெயராயிற்று.

இனி, போடியிலிருந்து ஒரு பிள்ளை அங்கே படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அங்கே படிப்பு இலவசம். 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர் சம்பளம் கட்ட வேண்டும். தகப்பனார் மலைத்தோட்டத்தை ஈடு வைத்துத்தான் அனுப்புவார். மேற்படிப்பு வகுப்புகள் பல இங்கிலீஷிலேயே நடப்பதால், ஸ்வீடிஷ் எதற்கு என்று பிள்ளை நினைப்பான். படிப்பு முடிந்து வேலை தேடும்போதுதான் தெரியும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்வீடிஷையே நாட்டின் பிரதான பாஷை ஆக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் காரியாலயத்திலும் அது இல்லாமல் நுழைவது கடினம். ஈடு வைத்த தோட்டம் மீளுவதும் மீளாததும் அந்தப் பாஷையில் தொங்குகிறது.

ஐரோப்பாவில் பாஷைத் தேர்ச்சியை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு படிகள் சுலபம். 'பூக்' என்றால் புத்தகம். 'பூக்கென்' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். விகுதி சேர்த்தே பழகிய தமிழனுக்கு இது வெல்லம். வினைச்சொல்லும் நான், நீ, அவன் என்று ஆளுக்கொரு வேஷம் போடாது.

நடுப்படிகள்தாம் ஆளைச் சோதிப்பவை. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவது ஒன்பதாவதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஊர் தூரமாகிவிட்டது, உச்சியோ எட்டவில்லை. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிதானமாக வந்து அமரும். அவர்களுடையது இரண்டாம் ஆசனத்தை விட்டு அசையாது. 'இன்று' என்று தொடங்கினால் 'இன்று போகிறேன் நான்' என்றே முடிக்க வேண்டும். 'இந்தே' என்னும் எதிர்மறைச் சொல் தனி வாக்கியத்தில் வினைக்குப் பின்னால் நிற்கும். கிளை வாக்கியத்தில் முன்னால் தாவிவிடும். 'ஆந்தென்' என்பதை ஒரு ராகத்தில் சொன்னால் வாத்து, வேறு ராகத்தில் சொன்னால் ஆவி!

இலக்கணத்தையும் மிஞ்சிய சங்கடம் ஒன்றுண்டு. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்கிறார்கள். நரைத்த தலைப் பேராசிரியரைப் பேர் சொல்லி 'நீ' என்று விளிக்க நம் பிள்ளைக்கு நாக்கு எழுமா? போதாக்குறைக்கு, அவன் தட்டுத் தடுமாறித் தொடங்கியதுமே எதிரிலிருப்பவர் கருணை கூர்ந்து இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். இந்தக் கருணை நடுப்படி மாணவர்களுக்குப் பெரிய விரோதி என்பது நம் அபிப்பிராயம்.

எதிர்த்திசையில் இப்பாடு பட்டவர்களும் உண்டு. 1934 முதல் 1956 வரை தரங்கம்பாடி பிஷப்பாக இருந்த ஸ்வீடன்காரர் சாண்டக்ரெனும் அவரைச் சேர்ந்த பாதிரிமாரும் தமிழிலேயே ஊழியம் நடத்தினார்கள். நம் றகரமும் ழகரமும் அவர்கள் தேசத்தாரை என்ன பாடு படுத்தியிருக்கும்!

ஒரு நாள் நம் பிள்ளை ரொட்டிக் கடையில் விடாப்பிடியாக ஸ்வீடிஷிலேயே கேட்பான்: "இந்தக் கார்டெமும்மா எந்த ஊரிலிருந்து வருகிறது?" குவாடமாலா என்று பதில் வரக்கூடும், இந்தியாவிலிருந்து போன அந்தப் பயிர் அங்கே இப்போது நம்மையே முந்தி விளைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமானால், 'இந்தே'யைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தாக வேண்டும்.