குட்டீஸ் கையில் கரண்டி!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. வீட்டுல ஒரு வாண்டு இருக்கு. தம்பியோ, தங்கச்சியோ, அக்கா பையனோ, பக்கத்து வீட்டுக் குட்டியோ... யாரா வேணா இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் வந்தா போதும், வீடே போர்க்களம்! 'கேரட் வேணாம்', 'கீரை... உவ்வே', 'இதுல பச்சையா என்னமோ கெடக்கு'ன்னு அது ஓட, கிண்ணத்தோட அம்மா துரத்த... கடைசியில செல்போன்ல கார்ட்டூன் போட்டாத்தான் வாயே திறக்கும். என்ன சாப்பிட்டோம்னே தெரியாம சாப்பிட்டு முடிச்சிருக்கும்.

இந்தச் சண்டையை நிறுத்த ஒரு ஆள் இருக்கார். அது நீங்கதான் பாஸ்!

'நானா? எனக்கு நூடுல்ஸைத் தாண்டி ஒண்ணுமே தெரியாதே'ன்னு பதறாதீங்க. அதுதான் உங்க ப்ளஸ் பாயின்ட். அம்மாவுக்கு அடுப்படியில ஆயிரம் அவசரம். உங்களுக்கு லீவு. நீங்களும் கத்துக்கலாம், வாண்டும் கத்துக்கும். மேட்டர் ரொம்ப சிம்பிள்: சாப்பிடக் கூப்பிட்டா ஓடுற குழந்தை, சமைக்கக் கூப்பிட்டா ஓடி வரும்!

ஏன் இந்த 'உவ்வே'?

பெரும்பாலும் 2 வயசிலிருந்து 6 வயசு வரைக்கும் புது உணவுன்னாலே குழந்தைங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். இது அடமும் இல்லை, திமிரும் இல்லை. வளர்ற பருவத்துல சகஜம். ஒரு காயை ஏத்துக்க அதைப் பத்துப் பதினஞ்சு தடவை சந்திக்க வேண்டியிருக்கலாம். யோசிச்சுப் பாருங்க, காலேஜ்ல சேர்ந்த முதல் நாளே எல்லாரும் உங்களுக்கு க்ளோஸ் ஃப்ரெண்ட் ஆயிட்டாங்களா என்ன? முதல்ல ஒரு 'ஹாய்', அப்புறம் கேன்டீன்ல ஒரு டீ, அதுக்கப்புறம்தானே தோள் மேல கை! கத்தரிக்காயும் அப்படித்தான். அதைத் தொடறது, மோந்து பார்க்கிறது, கழுவுறது எல்லாமே பழக்கம் பிடிக்கிற வழிதான். வாயில திணிச்சா மட்டும் நட்பு வளராது, பகைதான் வளரும்.

2014-ல வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு சுவாரஸ்யமானது. 6 முதல் 10 வயசு வரை உள்ள 47 குழந்தைங்க. ஒரு குரூப், பெற்றோரோட சேர்ந்து மதியச் சாப்பாடு தயார் பண்ணிச்சு. இன்னொரு குரூப்புக்குப் பெற்றோரே சமைச்சுக் கொடுத்தாங்க. ரிசல்ட்? சமைச்ச குட்டீஸ் மத்தவங்களைவிட சுமார் 76 சதவிகிதம் அதிகமா சாலட் சாப்பிட்டாங்க. ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை வெச்சு செஞ்ச சின்ன ஆய்வுதான். ஆனா, 'நான் செஞ்சது'ங்கிற பெருமைக்கு எவ்வளவு ருசின்னு புரியுது இல்லே?

கூட்டாஞ்சோறு எங்கே போச்சு?

இது நமக்குப் புதுசா என்ன? குழந்தைங்க விளையாட்டா ஆக்குற சோத்துக்கு 'சிறுசோறு'ன்னு தனிப் பேரே வெச்ச மொழி நம்மளோடது. செப்புச் சாமான் வெச்சு மண் சோறு ஆக்கினதும், ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு, ரெண்டு கத்தரிக்காய்னு கொண்டுவந்து, மரத்தடியில மூணு கல்லைக் கூட்டி கூட்டாஞ்சோறு பொங்கினதும் பாட்டிகளைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க. அடி பிடிச்ச சோத்துக்குக்கூட அடிதடி நடக்குமாம். ஊட்டி விட யாரும் துரத்த வேண்டியதே இல்லை.

இன்னிக்கு குக்கர், மிக்ஸி, கேஸ்னு ஆனதும் 'கிச்சன் பக்கம் வராதே'தான் முதல் பாடம். பயம் நியாயம்தான். ஆனா சமையல்ல பாதி வேலைக்கு நெருப்பே தேவையில்லையே!

அமெரிக்காவுல, பெர்க்லி நகரத்து மார்ட்டின் லூதர் கிங் பள்ளியில, ஆலிஸ் வாட்டர்ஸ்ங்கிற சமையல் கலைஞர் 1995-ல ஒரு தோட்டத் திட்டத்தைத் தொடங்கினாங்க. பசங்களே விதைச்சு, பறிச்சு, சமைச்சு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுற தோட்ட வகுப்பு, அடுப்படி வகுப்பு! ஜப்பான்ல உணவுக் கல்விக்குன்னே 2005-ல ஒரு சட்டம் போட்டாங்க. அங்கே பள்ளிப் பசங்க வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கிட்டு, முறை வெச்சு வகுப்புக்குப் பரிமாறுவாங்க.

யாருக்கு என்ன வேலை?

3-4 வயசு: பட்டாணி உரிக்கலாம். கீரை ஆயலாம். கறிவேப்பிலை உருவலாம். அரிசியில தண்ணி ஊத்தி அளையலாம். (அளையறதுதான் ஹைலைட்!)

5-6 வயசு: சப்பாத்தி மாவு பிசைஞ்சு உருட்டலாம். கொழுக்கட்டை பிடிக்கலாம். பச்சைப்பயறை ராத்திரி ஊறவெச்சு, காலையில ஈரத்துணியில கட்டித் தொங்கவிட்டு, அடுத்த நாள் முளை எட்டிப் பார்க்குதான்னு காவல் காக்கலாம்.

7-8 வயசு: எலுமிச்சம்பழம் பிழியலாம். தயிர்ப் பச்சடி கலக்கலாம். சப்பாத்தி தேய்க்கலாம். இந்தியா மேப் வந்தாலும் பரவாயில்லை, சுட்டுடுங்க!

9 வயசுக்கு மேல: நீங்க பக்கத்துலயே நின்னா, தோசைக்கல்லுல ஒரு குட்டி தோசை ஊத்தலாம். கொதிக்கிற எண்ணெய், குக்கர், மிக்ஸி மூணும் மட்டும் உங்க டிபார்ட்மென்ட்.

அடுப்படியே லேப்!

அரைச்ச இட்லி மாவுப் பாத்திரத்துல, மாவு நிக்கிற மட்டத்துக்கு வெளியில ஒரு ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் பல் தேய்க்கக்கூடப் போகாம பாத்திரத்தைப் பார்க்க ஓடும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் ராத்திரி முழுக்க விட்ட வாயுதான் மாவைத் தூக்கியிருக்குன்னு சொல்லிப் பாருங்க. இட்லியில இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் கதை சொல்லும்.

மஞ்சள் தண்ணியில கொஞ்சம் சோப்புத் தண்ணி விட்டா சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டா திரும்ப மஞ்சள்! (இதைக் குடிக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க.) அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கண்ணை மூடி, சீரகமா சோம்பான்னு மூக்கால கண்டுபிடிக்கிற போட்டி வையுங்க. தோக்கப்போறது அநேகமா நீங்கதான்.

மூணே ரூல்!

ஒண்ணு, கையிலிருந்து பிடுங்காதீங்க. அரை கிலோ பீன்ஸ் நறுக்க நமக்குப் பத்து நிமிஷம். அது கிள்ளிப் போட அரை மணி நேரம் ஆகட்டுமே!

ரெண்டு, 'நீ செஞ்சதுதானே, முழுசா சாப்பிடு'ன்னு மிரட்டாதீங்க. ஒரு வாய் ருசி பார்த்தாலே வெற்றி. பார்க்கலைன்னா அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ்.

மூணு, பரிமாறும்போது 'இன்னிக்குப் பச்சடி பாப்பாவோடது'ன்னு சபையில சொல்லுங்க. தாத்தா ஒரு கரண்டி கூடக் கேட்டா, அதைவிடப் பெரிய அவார்டு கிடையாது. அப்படியே சிந்தினதைத் துடைக்கவும் ஒரு துணியைக் கையில கொடுத்துடுங்க.

தம்பிக்கும்தான்!

செப்புச் சாமான் தங்கச்சிக்கு, கார் பொம்மை தம்பிக்குன்னு பிரிக்கிற இடத்துலதான் சிக்கலே ஆரம்பம். ஹாஸ்டலை விட்டு ரூம் எடுத்ததும் ஒரு ரசம் வைக்கத் தெரியாம மெஸ்ஸைத் தேடி அலையிற நம்ம பசங்க எத்தனை பேர்! அது வயித்துப் பிரச்னை மட்டும் இல்லை. தட்டு எப்படி நிறையுதுன்னே தெரியாம வளர்றவன், நாளைக்குக் கல்யாணமானாலும் தட்டைப் போட்டுட்டு உட்கார்ந்துதான் இருப்பான். அஞ்சு வயசுல கீரை ஆய்ஞ்ச பையனுக்கு, அம்மா வேலையோட கனம் தெரியும்.

என்.எஸ்.எஸ். கேம்ப் போறீங்களா? 1982-ல எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-ல தொடங்கின காலை உணவுத் திட்டம்னு பள்ளிக்கூடத்துல தட்டு நிறைய நம்ம அரசாங்கம் வழி செஞ்சிருக்கு. அந்தத் தட்டுல விழற கீரை எங்கிருந்து வருதுன்னு காட்டுறது நம்ம பங்கா இருக்கட்டுமே! ஹெட்மாஸ்டர்கிட்ட அனுமதி வாங்கி, முதல் நாளே பசங்க கையால ஒரு பாத்தியில வெந்தயம் தூவச் சொல்லுங்க. ஏழு நாள் கேம்ப் முடிஞ்சு நீங்க பஸ் ஏறும்போது பச்சை தலைகாட்டியிருக்கும். மூணு நாலு வாரத்துல பறிக்கலாம். தான் தண்ணி ஊத்தின கீரையை 'உவ்வே'ன்னு சொல்ல எந்த வாண்டுக்கும் அவ்வளவு சுலபமா மனசு வராது.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்குங்க. பேப்பரை விரிச்சு உருவ உட்காருங்க. யாரையும் கூப்பிட வேண்டாம். கொஞ்ச நேரத்துல ஒரு குட்டிக் கை தானா வந்து ஒரு கொத்தை இழுக்கும்.

தட்டி விட்டுடாதீங்க!