ஓடையோர மரப்பெரணி: வெட்டும் முன் காம்பைப் பாருங்கள்

ஆரைக்கீரையைப் பறித்துச் சமைத்திருப்பீர்கள். நெல் வயலில் அசோலா விட்டிருப்பீர்கள், அல்லது மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்த்திருப்பீர்கள். இரண்டுமே பெரணிகள்தான். பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. பெரணிகளில் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாக நிற்பவையும் உண்டு. அவைதான் மரப்பெரணிகள். நீலகிரியில் அவலாஞ்சி போன்ற உயரமான பகுதிகளின் சோலை ஓடைகள் அவற்றுக்கு ஏற்ற இடம். சோலையை ஒட்டித் தேயிலையோ காரட்டோ உருளையோ போட்டிருந்தால், உங்கள் நிலத்து ஓடைக்கரையிலும் ஒன்றிரண்டு நிற்கலாம்.

களை எடுக்கும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுவதுதான் பிரச்சினை. தேயிலையைக் கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். மரப்பெரணி பொதுவாக அப்படித் துளிர்ப்பதில்லை. கிளை இல்லாத ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் ஒரே குருத்து. அந்தத் தலையை வெட்டினால் செடி செத்துவிடும். புதிதாக ஒன்று முளைப்பதும் எளிதல்ல. இலையின் அடியிலிருந்து உதிரும் வித்துத் தூள் ஈர மண்ணில் விழுந்து, முதலில் விரல் நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடாக வளரும். அதில் கருவுறுதல் நடக்கத் தண்ணீர்ப் படலம் வேண்டும். ஓடையோர நிழல் போய் மண் காய்ந்தால் அடுத்த தலைமுறை இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மரப்பெரணியின் அடித்தண்டைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வேர்கள் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதை வெட்டிவிட்டுப் பிறகு கல் அடுக்கிக் கரை கட்டுவது வீண் செலவு.

எது எந்த வகை?

இலையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். காம்பின் அடியைப் பாருங்கள். காம்பு பளபளவென்று கறுத்து, இலையடியில் உள்ள பொட்டுகள் ‘ட’ எழுத்தைச் சாய்த்துப் போட்டதுபோல இரு வரிசையாகக் கூடியிருந்தால், அது பெரும்பாலும் ‘ஜைஜான்டியா’. இந்தியாவில் பல இடங்களில் உள்ளது, உயரம் குறைந்த மலைப்பகுதிகளிலும் வரும். காம்பும் இலையின் நடுநரம்பும் கம்பளி போர்த்தியதுபோல வெளிறிய செதில்களால் மூடியிருந்தால் நின்று கவனியுங்கள். அது ‘கிரினிட்டா’வாக இருக்கலாம். லத்தீனில் அந்தப் பெயருக்கே முடி நிறைந்தது என்றுதான் பொருள். இலங்கையின் மலைநாட்டிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளிலும் மட்டும் வாழும் அரிய வகை இது. நீலகிரியின் பெயரையே தாங்கிய ‘நீலகிரென்சிஸ்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை ஹோல்ட்டம் என்ற தாவரவியலாளர் 1965-ல்தான் தனி இனமாகப் பிரித்தார்.

கிரினிட்டாவின் பெயர் மாறிய கதை, வகைப்படுத்துவது எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டும். இலங்கை மாதிரிகளை வைத்து 1844-ல் ஹூக்கர் அதை ‘அல்சோபிலா’ பேரினத்தில் வைத்தார். 1909-ல் கோப்லேண்ட் ‘சயாத்தியா’வுக்கு மாற்றினார். 1970-ல் டிரையான் ‘ஸ்பீரோப்டெரிஸ்’ என்றார். இதற்கு அடிப்படை, நீங்களும் பார்க்கக்கூடிய ஒன்றுதான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சில் ஒரு செதிலைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே மாதிரி இருந்தால் ஸ்பீரோப்டெரிஸ் கூட்டம். ஓரம் மட்டும் வேறுபட்டுத் தெரிந்தால் மற்றவை. நிக்கோபார் தீவுகளில் உள்ள ‘அல்போசெட்டேசியா’வும் இதே கூட்டம்தான். அதற்குப் பெயரிட்டவர் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெடோம். 1863-ல் தொடங்கித் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்துடன் பதிவு செய்தவரும் அவரே.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. இலையடியில் வரிசையாக உள்ள பழுப்புப் பொட்டுகளைச் செதில்பூச்சி என்றோ துரு நோய் என்றோ எண்ணி மருந்து பரிந்துரைத்துவிடாதீர்கள். அவை வித்துத் தூள் பைகள். ஒழுங்கான வரிசையில் இருப்பதே அடையாளம். பூச்சியும் நோயும் அப்படி அளந்து உட்காராது.

புல்வெளியிலும் தரிசிலும் படரும் பிராக்கன் பெரணியை இதோடு குழப்ப வேண்டாம். அதற்கு மேலே தண்டு இல்லை, மண்ணுக்குள் கிழங்குபோல ஓடும். மாடு அதைத் தொடர்ந்து மேய்ந்தால் சிறுநீரில் ரத்தம் வரும். அதைத் தாராளமாக அகற்றுங்கள்.

உங்கள் நிலத்தில் கம்பளிக் காம்பு மரப்பெரணி இருந்தால், அதைச் சுற்றிக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். ஆர்க்கிட் வளர்க்கத் தண்டு வேண்டும் என்று யாராவது விலை பேசினாலும் கொடுக்காதீர்கள். இந்தப் பெரணிகளின் வெளிநாட்டு வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. நான்கு படங்கள் எடுங்கள்: முழுச் செடி, காம்பின் அடி, இலையின் அடிப்பக்கம், சுருள் குருத்து. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். ஊர், ஓடை, தேதி எழுதி, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திடம் கேளுங்கள். பழைய மாதிரிகளோடு ஒப்பிட அங்கே உலர் தாவரத் தொகுப்பு உள்ளது. வனத்துறை நிலத்தில் நிற்பதை மட்டும் தொடாதீர்கள், ஓர் இலைகூடப் பறிக்க அனுமதி வேண்டும்.