திடீரென நிறுத்துவதே ஆபத்து: பீற்றா தடுப்பி மருந்துகளும் மட்டக்களப்பு வாவிக்கரை நோயாளரும்

இதய நோய்க்கும், பேச்சுவழக்கில் பிரஷர் எனப்படும் உயர் குருதி அமுக்கத்துக்கும் கொடுக்கப்படும் மருந்துகளுள் பீற்றா தடுப்பிகள் என்னும் தொகுதி, தகுந்த நோயாளிக்குத் தகுந்த அளவில் கொடுக்கப்படும்போது பெரும்பாலும் பாதுகாப்பானது. எனினும் ஒழுங்காக எடுத்துவந்த ஒருவர் அதை ஒரே நாளில் கைவிடும்போது நெஞ்சுவலியையும் சிலவேளை மாரடைப்பையும் வருவிக்கக்கூடியது. வெள்ளமும் போக்குவரத்துத் தடையும் மருந்துத் தட்டுப்பாடும் மாறிமாறி வரும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில், இந்த இரண்டாவது இயல்பு முதலாவதைவிட முக்கியமானது.

அச்சம், கோபம், கடும் உழைப்பு ஆகிய வேளைகளில் சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகளிலிருந்து அதிரினலினும், நரம்பு முனைகளிலிருந்து நோரதிரினலினும் வெளிப்பட்டு, கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எனப்படும் புரத அமைப்புகளில் இணைந்து, இதயத்தை விரைவாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்கின்றன. இவ்வாங்கிகள் அல்பா, பீற்றா என இரு வகைப்படும் என்பதை அமெரிக்க மருந்தியலாளர் றேமண்ட் அல்குவிஸ்ட் 1948இல் எடுத்துக்காட்டினார். பீற்றா வாங்கிகளை மட்டும் மறைக்கும் பொருளொன்றைத் தேடிய ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வு 1964இல் புரோப்ரனலோலாகக் கனிந்து, அவருக்கு 1988ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத்தந்தது. வாங்கி மறைக்கப்பட்ட இதயம் மெதுவாகத் துடிக்கிறது. குறைந்த ஒட்சிசனோடு தன் வேலையைச் செய்கிறது. சிறுநீரகத்திலிருந்து சுரந்து குருதி அமுக்கத்தை உயர்த்தும் ரெனின் என்னும் நொதியமும் குறைகிறது. அற்றெனலோல், மெற்றோபுரலோல், பிசோபுரலோல், கார்வெடிலோல், கர்ப்பகால உயர் குருதி அமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் லபெற்றலோல் ஆகியன இத்தொகுதியின் பிற உறுப்பினர்கள். இவை யாவற்றின் பெயரும் ‘லோல்’ என முடிவது நோயாளி தன் குளிசை அட்டையைத் தானே வாசித்து இனங்காண உதவும் எளிய அடையாளமாகும்.

திடீரென நிறுத்துவது ஏன் தீங்காகிறது என்பதற்கான விளக்கம் உடலின் இயல்பிலேயே இருக்கிறது. வாங்கிகள் நாளாந்தம் மறைக்கப்பட்டிருக்கும் காலத்தில் உடல் அக்குறையை ஈடுசெய்வதற்காக அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. மருந்து ஒரே நாளில் நின்றுபோனால், பெருகிய வாங்கிகள் அனைத்தும் தடையின்றி அதிரினலினுக்கு ஆளாகி, இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் மருந்து தொடங்குவதற்கு முன்னிருந்த நிலையையும் தாண்டி உயர்கின்றன. முடியுரு நாடிகள், அதாவது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள், ஏற்கெனவே ஒடுங்கியுள்ள ஒருவரிடம் இவ்வெழுச்சி மாரடைப்பாக முடியலாம். அமெரிக்காவில் இம்மருந்துகள் பலவற்றின் விவரத்தாளில் இதுபற்றிய எச்சரிக்கை மிகக் கடுமையான வகையினதாகக் கட்டமிட்டு அச்சிடப்படுவதும், நிறுத்த வேண்டிய தேவை உண்மையிலேயே ஏற்பட்டால் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என அறிவுறுத்தப்படுவதும் இதனாலேயே.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கடலோரத்து எழுவான்கரையையும் வயல்கள் நிறைந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளும் எழுவான்கரைப் பக்கத்தில் அமைந்திருக்க, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர் முதலிய ஊர்களின் நோயாளர் பலர் விசேட வைத்தியரைக் காண்பதற்கு நீரைக் கடந்தே வரவேண்டியுள்ளது. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் இப்பயணத்தைப் பெரிதும் எளிதாக்கியது உண்மை. ஆயினும் குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை போன்ற துறைகளில் இயந்திரப் பாதை எனப்படும் கடத்துப் படகை நம்பிவந்த மக்கள் பலர். மாரி காலத்தில் தாழ்நில வீதிகள் நீரில் மூழ்கும்போது, மாதத்துக்கொருமுறை வரும் கிளினிக் நாள் எளிதில் தவறிவிடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இம்மாவட்டத்தின் பெரும் பகுதி நீரில் மூழ்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைத்துவந்த மருந்துகள் பலவற்றை வெளியே விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. நோயாளியின் கவனயீனம் என்று எளிதாகப் பெயரிடப்படும் மருந்து இடைவெளிகளுள் கணிசமானவை உண்மையில் நீராலும் வறுமையாலும் ஏற்படுபவை. அவற்றுக்கு நோயாளியைக் கடிந்துகொள்வது மருந்தாகாது.

ஆகவே முன்னேற்பாடே இங்கு முதற் சிகிச்சை. ஐப்பசி பிறக்கும் முன்னரே ஒரு வாரத்துக்கான குளிசையாவது மேலதிகமாகக் கைவசம் இருக்குமாறு கிளினிக்கில் கேட்டுப் பெறுவதும், அதனைக் குளிசை அட்டையிலிருந்து பிரிக்காமல், கிளினிக் கொப்பியோடு சேர்த்து நீர் புகாத பொதியில் வைப்பதும் பெரும் பயன் தரும். கிளினிக் நாள் தவறியவர் அடுத்த மாதம் வரை காத்திராமல், அருகிலுள்ள எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, இடைத்தங்கல் முகாமுக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ கொப்பியைக் காட்டி மருந்து கேட்க வேண்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் தவறியதை விட்டுவிட வேண்டுமேயன்றி, ஒருபோதும் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. பல நாட்கள் விடுபட்டிருப்பின், குறிப்பாக இதயம் பலவீனமானவர்கள், முழு அளவில் தாமாகவே மீளத் தொடங்காமல் வைத்தியரிடம் கேட்பதே முறை. தட்டுப்பாட்டின்போது அயலவரின் குளிசையைக் கடன் வாங்குவது நல்லெண்ணத்தால் செய்யப்படுவதாயினும் ஆபத்தானது. 50 மில்லிகிராம் அற்றெனலோலையும் 5 மில்லிகிராம் பிசோபுரலோலையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது என்பதோடு, மெற்றோபுரலோலிலேயே நாளொன்றுக்கு இருமுறை எடுக்கும் வகையும், மெதுவாகக் கரைவதால் ஒருமுறை மட்டும் எடுக்கும் வகையும் உண்டு. பின்னதை நசுக்கியோ மென்றோ உட்கொண்டால் முழுநாள் மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும்.

அரச கிளினிக்கில் மருந்தின் பொதுப்பெயரும் தனியார் மருந்தகத்தில் நிறுவனம் இட்ட வணிகப்பெயரும் வழங்குவதால், ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் இருமடங்காக உட்கொள்ளும் தவறும் நேரக்கூடும். பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில் பொதுப்பெயர்களை வலியுறுத்தி வகுத்த மருந்துக் கொள்கை இலங்கையின் எல்லையைக் கடந்தும் மதிக்கப்பட்டது. அதன் பயன் நோயாளியைச் சென்றடைய வேண்டுமாயின், குளிசை அட்டையின் வணிகப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்திலுள்ள பொதுப்பெயரைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

இம்மருந்து யாருக்கு ஒவ்வாது என்பதில் முதலிடம் பெறுவோர் முட்டு அல்லது தொய்வு எனப்படும் ஆஸ்துமா உடையோர். மூச்சுக்குழாய்களை விரியச் செய்வதும் பீற்றா வாங்கிகளின் ஒரு வகையே. அவை மறைக்கப்பட்டால் குழாய்கள் சுருங்கி மூச்சுத் திணறல் கடுமையாகலாம். பிசோபுரலோல் போன்றவை இதயத்தின் வாங்கிகளையே பெரிதும் நாடுபவையாதலால் ஓரளவு பாதுகாப்பானவை. எனினும் அந்தத் தெரிவு வைத்தியருக்குரியது. கண்ணின் உள்ளமுக்கத்தைக் குறைப்பதற்கு இடப்படும் டிமோலோல் துளிமருந்தும் இதே தொகுதியைச் சேர்ந்ததே என்பதும், அதுவும் குருதியில் கலந்து முட்டைத் தூண்டக்கூடும் என்பதும் பலரும் அறியாதவை. சலரோகத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்போரிடம் குருதியில் சீனி குறையும்போது வழமையாகத் தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறைவதில்லை. ஆகவே காரணமின்றி வியர்த்தால் உடனே சீனியின் அளவைப் பார்ப்பதும், பார்க்க வழியில்லையெனில் இனிப்பு ஏதேனும் உட்கொள்வதும் உயிர்காக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு நோற்கும் சலரோக நோயாளர், றமழான் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்தியரைக் கண்டு குளிசை நேரங்களை மாற்றியமைத்துக்கொள்வது நன்று.

வேளாண்மைப் பிரதேசமாகிய படுவான்கரையில் தனியாகச் சொல்ல வேண்டியது பாம்புக்கடி பற்றியது. கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து சிலரிடம் உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. அதற்கான முதன்மைச் சிகிச்சை அதிரினலின் ஊசி. பீற்றா தடுப்பி எடுப்பவரிடம் அந்த ஊசி எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம் என்பதால், வயலுக்குச் செல்லும் இதய நோயாளி தான் எடுக்கும் மருந்தின் பெயரை எழுதி உடன் வைத்திருப்பதும், அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோர் அதை முதலில் காட்டுவதும் அவசியம். பிற மருந்துகளோடு சேர்வதிலும் கவனம் தேவை. வெராபமில், டில்டியாசெம் என்னும் இரு இதய மருந்துகளோடு பீற்றா தடுப்பி சேரும்போது துடிப்பு அபாயமான அளவுக்கு மந்தமாகலாம். நாரிவலிக்கும் மூட்டுவலிக்கும் எளிதாக வாங்கப்படும் டைக்ளோபெனாக் போன்றவை குருதி அமுக்கத்தை உயர்த்திப் பீற்றா தடுப்பியின் பயனைக் குறைக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை நாடி பார்த்தல். சிறிது நேரம் அமைதியாக அமர்ந்த பின், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 50க்குக் குறைந்தாலோ, தலைச்சுற்றல், மயக்கம், மூச்சிளைப்பு ஆகியன சேர்ந்தாலோ தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். தொடக்க வாரங்களில் களைப்பும் கைகால் குளிர்தலும் சிலருக்கு ஏற்படுவது இயல்பு. பல வேளைகளில் அவை குறைந்துவிடும், குறையாவிட்டால் வைத்தியர் அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

இதயச் செயலிழப்பு, அதாவது உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்த இதயத்தால் இயலாத நிலை, உள்ளோருக்கு இம்மருந்து ஒரு காலத்தில் விலக்கப்பட்டிருந்தது. 1999இல் வெளியான பெரும் ஆய்வொன்று, பிசோபுரலோல் இத்தகையோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டி அக்கருத்தை மாற்றியது. எனினும் மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துவது கட்டாயம். மறுபுறத்தில், வேறு இதய நோயின்றி உயர் குருதி அமுக்கம் மட்டும் உள்ளவருக்கு இதுவே முதல் மருந்து என்னும் நிலை இன்றில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் அற்றெனலோலைவிட வேறு மருந்துகள் சிறந்தவை என 2002 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மாரடைப்புக்குப் பின் இதயத்தின் வலு நன்றாக உள்ளவருக்கும் இது தேவையா என்னும் கேள்வியை 2024இல் சுவீடனை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வு எழுப்பியது. அதே ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வோ, ஏற்கெனவே எடுத்துவந்தோர் நிறுத்தியபோது இதய நோய்க்காக மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது கூடியதைக் கண்டது. ஆகவே ‘இன்னும் எனக்கு இது வேண்டுமா’ எனக் கேட்பது ஒவ்வொரு நோயாளியின் உரிமை. அந்தக் கேள்வியை அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்; பதில் கிடைக்கும்வரை குளிசையைத் தொடருங்கள்.